அரசு டெண்டரும் ஓர் அமானிதமே



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் நம் மதுரையின் தெருக்களில் நடந்து பாருங்கள். கோடையில் போட்ட தார்ச்சாலை ஜல்லி ஜல்லியாகப் பெயர்ந்து கிடக்கும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் சென்றால், மராமத்து முடிந்ததாகப் பலகை நடப்பட்ட கண்மாயின் மடை ஒழுகுவதையும் காணலாம். "அரசாங்க வேலை என்றால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குள் போய்விடுகிறோம்.

அந்தச் சாலைக்குச் செலவான பணம் யாருடையது? சோப்பு வாங்கும் ஏழைத் தாயும், மாத்திரை வாங்கும் முதியவரும் செலுத்திய வரிப்பணம் அது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் பொதுவாக 10 முதல் 15 விழுக்காடு வரை அரசுக் கொள்முதலாக இருப்பதாக உலக வர்த்தக அமைப்பு கூறுகிறது. பள்ளிக்கூடத்து மேசை முதல் மருத்துவமனையின் மருந்து வரை அதில் அடக்கம். இத்தனை பெரிய பொதுப்பணம் அதிகாரிகளின் கையிலும் ஒப்பந்ததாரர்களின் கையிலும் அமானிதமாக ஒப்படைக்கப்படுகிறது.

ஒளிவுமறைவற்ற சட்டம்

இந்த அமானிதத்தைக் காப்பதற்காகவே நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டு "தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம்" இயற்றப்பட்டது. இதற்கான விதிகள் 2000இல் வந்தன. கொள்முதலுக்கெனத் தனிச்சட்டம் இயற்றுவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. அடுத்த ஆண்டே கர்நாடகமும் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது.

இச்சட்டம் சொல்வதை எளிமையாக அறிந்துகொள்வோம். டெண்டர் அறிவிப்பு அதற்குரிய அரசு இதழில் வெளிவர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாட்களும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாட்களும் அவகாசம் தரவேண்டும். அவகாசத்தைக் குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில் உறைகளைத் திறக்க வேண்டும். முன்னரே அறிவித்த அளவுகோலின்படி மதிப்பிட்டுக் குறைந்த தொகைக்கு முன்வந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முடிவில் குறையிருப்பதாகக் கருதும் போட்டியாளர் 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இயற்கைச் சீற்றம் போன்ற அவசர நேரங்களுக்குச் சில விலக்குகளும் உண்டு.

இவற்றின் சாரம் இரண்டே சொற்கள்: எழுத்து, சாட்சி. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியும் அதற்குச் சாட்சிகளை நிறுத்துவது பற்றியும் பேசும் வசனம் அது. இருவருக்கிடையிலான கடனுக்கே இவ்வளவு கவனம் என்றால், கோடிக்கணக்கான மக்களின் பணத்திற்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சிந்தியுங்கள்.

ஓட்டை எங்கே விழுகிறது?

சட்டம் இருந்தும் சாலை ஏன் பெயர்கிறது? பெரிய பணியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து விதியிலிருந்து நழுவுவது ஒரு வழி. ஒருவருக்கு மட்டுமே பொருந்துமாறு நிபந்தனைகளை எழுதுவது இன்னொரு வழி. ஒரே ஆள் மூன்று பெயர்களில் விலைப்பட்டியல் கொடுத்து, போட்டி நடந்ததுபோல் காட்டும் "டம்மி டெண்டர்" மூன்றாவது வழி. நால்வர் கூடிப்பேசி, "இந்தமுறை உனக்கு, அடுத்தமுறை எனக்கு" என்று பங்கிட்டுக்கொள்ளும் "சிண்டிகேட்" நான்காவது வழி.

பொருளை வாங்கும் எண்ணமே இல்லாமல், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள். மார்க்க அறிஞர்கள் இதனை "நஜ்ஷ்" என்பர். வேலையை எடுக்கும் எண்ணமே இல்லாமல் நண்பருக்காக ஓர் உறையைப் போடுவதும் அதே ஏமாற்றுதான். அங்கே ஏமாந்தவர் ஒரு வாடிக்கையாளர். இங்கே ஏமாறுவது ஊர் முழுவதும். நாட்டின் போட்டிச் சட்டம் 2002உம் இத்தகைய கூட்டுச்சதியைத் தடைசெய்கிறது.

அடுத்தது "பர்சன்டேஜ்". ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் சாலைப் பணியில் 2 லட்சம் கமிஷனாகப் போனால் மீதம் 8 லட்சம். அதில் ஒப்பந்ததாரரின் இலாபமும் போக எஞ்சியதுதான் தாரும் ஜல்லியும். கமிஷன் வாங்கியவர் சாலையின் கனத்தைத்தான் வாங்கிச் சென்றார். அந்தப் பள்ளத்தில் இரவில் விழுந்து காலொடிந்தவர் அவரிடம் எதையும் வாங்கவில்லை. ஆனால் விலை கொடுத்தவர் அவரே.

"அன்பளிப்பாகத் தந்தார்கள், நான் கேட்கவில்லையே" என்று சில அலுவலர்கள் கூறுவதுண்டு. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பிவந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு ஒப்படைத்துவிட்டு, மறுபகுதி தமக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் ஒப்பந்ததாரர் அனுப்பும் பெட்டி நாற்காலியைத் தேடி வருகிறது. நாற்காலி போனால் பெட்டியும் நின்றுபோகும்.

மதுரை கண்ட பாடம்

பொதுச்சொத்தை வாங்குவதில் மட்டுமின்றி, அதைப் பிறருக்கு விடுவதிலும் இதே நேர்மை வேண்டும். 2012ஆம் ஆண்டு மே மாதம், அன்றைய மதுரை மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அவர்கள், மேலூர் வட்டாரக் கிரானைட் குவாரிகளின் முறைகேடுகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என மதிப்பிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அம்மாதத்திலேயே அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை செய்யப் பணித்தது. 2015இல் அவர் அறிக்கையை ஒப்படைத்தார்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: மலையை யாரும் சட்டைப்பையில் மறைத்து எடுத்துச் செல்ல முடியாது. பட்டப்பகலில் லாரி லாரியாகத்தான் கல் போயிற்று. பார்த்தவர்கள் ஏராளம்; கேட்டவர்கள் சிலரே.

யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

சகோதரர்களே! ஒருவன் அண்டை வீட்டாரின் ஆட்டைத் திருடிவிட்டு மனம் திருந்தினால், ஆட்டைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களுக்குச் செய்த அநீதியை உரியவரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நாம் அறிந்த மார்க்கச் சட்டம். பொதுப்பணத்தைத் தின்றவன் யாரிடம் செல்வான்? தமிழகத்தின் 7 கோடிக்கும் மேற்பட்ட மக்களின் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க அவனால் இயலுமா? மறுமையில் அத்தனை பேரும் வழக்காளிகளாக வந்து நின்றால் அவன் நிலை என்ன? டம்மி உறையில் கையெழுத்துப் போடும் நண்பர் இந்தக் கேள்வியை எண்ணிப்பார்க்கட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

நம் குடும்பங்களிலும் ஒப்பந்ததாரர்கள், பொருள் வழங்குவோர், அலுவலர்கள் இருக்கின்றனர். முதல் கடமை வீட்டில்தான். "இந்தப் பணம் எப்படி வந்தது?" என்று மனைவி கணவரிடமும், மகன் தந்தையிடமும் மரியாதையோடு கேட்கட்டும். ஹராமான கவளம் தட்டில் விழுவதற்கு முன்னர் கேட்கும் கேள்வி அது.

"கொடுக்காவிட்டால் பில் பாஸ் ஆகாது" என்று நேர்மையான ஒப்பந்ததாரர் வருந்துவதை நாம் அறிவோம். 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. ஆயினும் கட்டாயத்தால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. இந்த வாசலைப் பலர் அறிவதில்லை.

பொதுமக்களாகிய நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்தால், பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் தெருச் சாலையின் மதிப்பீடு, டெண்டர் ஒப்பீட்டுப் பட்டியல், அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். நடக்கும் பணியைப் பார்வையிடவும், பொருளின் மாதிரியைப் பெறவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது. கிராமங்களில் வாழ்வோர் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபைக்குச் சென்று கணக்குக் கேளுங்கள். ஆதாரமின்றி எவர்மீதும் பழி சுமத்தாதீர்கள், அவதூறும் பெரும்பாவமே. ஆதாரத்தைக் கேட்டுப் பெறுவதே முறை.

நம் ஜமாஅத்துகளும் இதில் முன்மாதிரியாகட்டும். பள்ளிவாசலுக்குச் சுற்றுச்சுவர் கட்டுவதானாலும் மூன்று பேரிடம் உண்மையான விலை வாங்கி, மஹல்லாவாசிகள் முன்னிலையில் திறந்து, கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தன் வீட்டில் உறையைத் திறக்காதவன் அரசின் உறையைத் திறக்கச் சொல்ல என்ன தகுதி உடையவன்?

இவ்வுலகில் மூடிவைத்த உறைகள் யாவும் ஒருநாள் திறக்கப்படும். அன்று நம் கையெழுத்து எந்த உறையிலும் நமக்கெதிராக இல்லாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஹலாலான உணவையும், அமானிதம் பேணும் உள்ளத்தையும் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.