பாண்டியன்மீது இரு தீர்ப்புகள்

சிலப்பதிகாரத்தில் வரும் பாண்டிய மன்னன் பெரும்பிழை செய்தவன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்று, கோவலனைக் கொல்லுமாறு ஆணையிட்டவன். கண்ணகியின் பார்வையில் அவன் கொடுங்கோலன். ஆயினும், காப்பியத்தைப் படித்து முடித்தவர் பலர் அவனை வெறுப்பதில்லை. அவனுக்காக இரங்கவும் செய்கின்றனர். ஒரே செயலுக்கு இருவேறு தீர்ப்புகள் எழுவது ஏன்?

அறிந்ததும் அறியாததும்

காப்பிய மாந்தர் தம் கண்ணெதிரே நிகழ்வதையும் பிறர் சொல்லக் கேட்பதையும் மட்டுமே அறிவர். படிப்பவரோ இளங்கோவடிகள் காட்டும் இடமெல்லாம் உடன் செல்கிறார். கொலைக்களக் காதையில், ஊடல் கொண்ட கோப்பெருந்தேவியைத் தணிவிக்க விரைகிறான் மன்னன். அவ்வேளையில்தான் பொற்கொல்லன் அவனை வணங்கிப் பொய்யுரைக்கிறான். தேவியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே என்பது நமக்குத் தெரியும், மன்னனுக்குத் தெரியாது. கண்ணகி அக்காட்சியைக் காணவில்லை. அவள் கண்டது வெட்டுண்டு கிடந்த கணவனின் உடலை. எனவே, அவளுக்குக் கொடுமையாகத் தோன்றியது நமக்கு ஆராயாமையாகத் தோன்றுகிறது.

இழந்தவளும் இழவாதவரும்

அறிவு மட்டுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அன்று. வழக்குரை காதையில், உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப்பரல் தெறிக்கிறது. மன்னன் பொற்கொல்லன்மீது பழிபோட்டுத் தப்ப முயலவில்லை. அவன் சொல்லைக் கேட்டதையே தன் குற்றமாகக் கொண்டு உயிர் துறக்கிறான். அந்நொடியில் நம் உள்ளம் அவன்பால் சாய்கிறது. கண்ணகியின் சினமோ அத்துடன் தணியவில்லை, மதுரை எரிகிறது. நாம் எளிதில் இரங்குகிறோம். ஏனெனில் நாம் எதையும் இழக்கவில்லை. அவளோ அனைத்தையும் இழந்தவள்.

இரக்கம் விடுதலை ஆகாது

காலம் செல்லச் செல்லக் காப்பிய மாந்தரும் மன்னனைப் புதிதாக மதிப்பிடுகின்றனர். கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் பாண்டியரின் நீதிமுறையைக் கண்ணகிக்கு எடுத்துரைக்கிறது. வினையால் வளைந்த கோலை மன்னன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்று காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் கருதுகிறான். வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகியே பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள்.

இவ்வரிசையை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முதலில் வழக்கு, அடுத்து மன்னன் தன் குற்றத்தை ஏற்றல், அதன் பின்னரே மன்னிப்பு. அம்மன்னிப்பும் இழந்தவளின் வாயிலிருந்தே பிறக்கிறது. மன்னனுக்காக இரங்கும்போது, கண்ணகியின் சினம் மிகை என்று எண்ணிவிடுதல் எளிது. அவ்வாறு எண்ணினால் கோவலனின் கொலையை மறந்தவர் ஆவோம். பிழை செய்தவனைப் புரிந்துகொள்ளலாம். அப்புரிதலால் அவன் செய்த பிழை சிறிதாகிவிடாது. இவ்விரண்டையும் ஒருசேர உள்ளத்தில் நிறுத்துபவரே நடுநிலையோடு படிப்பவர் ஆவர்.