அச்சும் அறமும்

நுழையும்முன்

கையால் வடித்த சிற்பம் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். அதிலிருந்து எடுத்த அச்சோ அதனைப் பல இல்லங்களுக்குக் கொண்டுசேர்க்கும். ஓர் உருவம் எவ்வாறு பல படிகளாகப் பெருகுகிறது, அவ்வாறு பெருகும்போது படைத்தவரின் உரிமை என்னவாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கற்பனையில் பிறந்த விலங்குகள்

கண்ணால் கண்ட விலங்குகளை வடிப்பதோடு மனித மனம் அமைதியுறுவதில்லை. ஒன்றன் உடலையும் மற்றொன்றன் தலையையும் பிறிதொன்றன் சிறகையும் இணைத்து, உலகில் இல்லாத உயிர்களையும் அது படைத்துக்கொள்கிறது. தமிழகக் கோயில் மண்டபத் தூண்களில் பாயும் நிலையில் நிற்கும் யாளி அத்தகைய படைப்பாகும். கழுகும் குதிரையும் கலந்த இப்போகிரிஃப் என்னும் பறக்கும் விலங்கு ஐரோப்பியக் காவிய மரபில் இடம்பெறுகிறது. யாளி கல்லில் செதுக்கப்பட்டது. ஒவ்வொரு தூணிலும் சிற்பியின் உளி புதிதாக உழைத்தது. இப்போகிரிஃப்போ பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் வெண்கல வார்ப்பாக உருப்பெற்று, படிகளாகப் பெருகிக் கலை ஆர்வலர்களின் இல்லங்களை அடைந்தது.

விலங்குச் சிற்பி

அதனை வடித்தவர் அந்துவான் லூயி பாரி. 1795ஆம் ஆண்டில் பிறந்த இவர், இளமையில் உலோகத்தில் செதுக்கும் தொழிலைக் கற்றுப் பொற்கொல்லரிடமும் பணியாற்றினார். பாரிஸ் தாவரப் பூங்காவிலிருந்த விலங்குக் காட்சிச்சாலையே அவருக்குப் பள்ளியாயிற்று. 1829ஆம் ஆண்டில் அங்கு ஒரு சிங்கம் இறந்தபோது, ஓவியர் தெலக்ருவாவுடன் சேர்ந்து அதன் உடலமைப்பை ஆராய்ந்து வரைந்தார். எலும்பும் தசையும் இயங்கும் முறையை இவ்வாறு அறிந்திருந்தமையால், இல்லாத விலங்கையும் உயிருள்ளதுபோல் காட்ட அவரால் முடிந்தது.

இத்தாலியக் கவிஞர் அரியோஸ்தோவின் காவியத்தில், இப்போகிரிஃப்பின்மீது ஏறிவரும் ரொஜேர் என்னும் வீரன், கடற்பூதத்திற்கு இரையாகவிருந்த ஆஞ்செலிக்கை மீட்கிறான். 1840களில் பிரான்சு இளவரசர் மோன்பான்சியே கோமகனின் வேண்டுகோளுக்கிணங்க இக்காட்சியைப் பாரி வெண்கலத்தில் அமைத்தார். ஏறத்தாழ அரை மீட்டர் உயரமுள்ள இச்சிற்பத்தின் ஒரு படி, இன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனைக்கென வடித்த ஒன்று கடல்கடந்தும் காணக் கிடைப்பதற்கு, அது படியெடுக்கத்தக்க வார்ப்பாக அமைந்ததே காரணம்.

அச்சின் இயல்பு

அச்சு என்பது உருவத்தின் எதிருரு. உருவத்தில் மேடாக உள்ளது அச்சில் பள்ளமாகும். பள்ளமாக உள்ளது மேடாகும். அச்சினுள் ஊற்றிய பொருள் இறுகியதும், மேடும் பள்ளமும் மீண்டும் இடம்மாறி முதல் உருவம் கிடைக்கிறது.

பந்து போன்ற எளிய வடிவத்திற்கு இரு பாதிகளாலான அச்சே போதும். சிறகு விரித்த கற்பனை விலங்கிற்கு அது போதாது. வளைந்த அலகின் உட்புறம், நகங்களின் இடைவெளி, பிடரிமயிரின் சுருள், உடலோடு ஒட்டிய வாலின் அடிப்பகுதி ஆகியன உள்நோக்கி வளைந்த குழிவுகள். விறைப்பான அச்சு இக்குழிவுகளில் புகுந்து இறுகிவிட்டால், அதனை வெளியே எடுக்க இயலாது. வலிந்து இழுத்தால் அச்சோ சிற்பமோ உடையும். ஆகவே, எந்தப் பகுதி எத்திசையில் கழன்றுவரும் என்பதை முன்கூட்டியே கணித்து, அச்சு பிரியவேண்டிய கோட்டை உருவத்தின்மீது வகுத்துக்கொள்கின்றனர். அக்கோடு முகத்தின் நடுவே செல்லாமல், பிடரியின் ஓரத்திலோ சிறகின் விளிம்பிலோ மறைந்து செல்லுமாறு அமைப்பது தேர்ந்த கைவினைஞரின் திறமாகும்.

மெழுகும் மணலும்

இச்சிக்கலைத் தீர்க்கும் தொன்மையான வழி, மெழுகை உருக்கி வெளியேற்றும் முறையாகும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனிகளை வார்க்கும் சிற்பிகள் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றுவர். மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். இறுதியில் மண் அச்சை உடைத்தே திருமேனியை வெளிக்கொணர்வர். அச்சிலிருந்து உருவத்தைக் கழற்றவேண்டிய தேவையே இல்லாமையால், எத்துணை நுட்பமான குழிவும் தடையாவதில்லை. ஆனால் மெழுகு உருவும் மண் அச்சும் ஒருமுறையோடு அழிகின்றன. பாரி வடித்த 'சிங்கமும் பாம்பும்' என்னும் பெருஞ்சிற்பத்தையும் 1835ஆம் ஆண்டில் ஒனோரே கோனோன் என்னும் வார்ப்பாளர் மெழுகு முறையிலேயே வார்த்தார்.

பலருக்கு விற்கும் சிறு சிற்பங்களுக்கு, அக்காலப் பிரெஞ்சு வார்ப்புச்சாலைகள் மணல் முறையை மேற்கொண்டன. முதலில், படைப்பின் நுட்பங்கள் யாவும் அமைந்த மூலப்படிமம் ஒன்றை வெண்கலத்திலேயே செய்வர். அது தலை, சிறகு, கால் எனப் பகுதிகளாகக் கழலும். அப்பகுதிகளைச் சட்டத்தினுள் நிரப்பிய நுண்மணலில் அழுத்தி எதிருருவைப் பதிப்பர். படிமத்தை எடுத்தபின் அவ்விடத்தில் வெண்கலத்தை ஊற்றுவர். வார்த்த பகுதிகளை இணைத்து, இணைப்புத் தெரியாமல் தேய்த்து, உளியால் கூர்மைப்படுத்தி, நிறமேற்றுவர். மணல் அச்சு ஒவ்வொரு முறையும் கலைந்துவிடும். மூலப்படிமமோ அடுத்த வார்ப்பிற்குக் காத்திருக்கும். ஆகவே, வார்ப்புச்சாலையின் செல்வம் அம்மூலப்படிமமே.

நெகிழும் அச்சுகள்

விறைப்பான அச்சின் இடர்ப்பாட்டை நீக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கூழ்போல் நெகிழும் ஜெலட்டின் அச்சு வழக்கிற்கு வந்தது. இன்று அவ்விடத்தைச் சிலிக்கோன் என்னும் இரப்பர்போன்ற பொருள் பெற்றுள்ளது. கற்பனை விலங்குகளை ரெசினில் வார்த்துச் சேகரிப்போருக்கு விற்கும் தற்காலக் கலைஞர்கள் இதனையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

முதலில் சிற்பத்தின் பாதியைக் களிமண்ணில் பதித்து, களிமண் பரப்பில் ஆங்காங்கே சிறு குழிகள் இடுவர். அதன்மேல் சிலிக்கோனை ஊற்றி இறுகவிடுவர். பின்னர்க் களிமண்ணை நீக்கி, இறுகிய பரப்பில் பிரிப்புப் பூச்சினைத் தடவி, மறுபாதியை ஊற்றுவர். அப்பூச்சில்லையெனில் இரு பாதிகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். குழிகள் இருந்த இடத்தில் தோன்றிய மேடுகள், இரு பாதிகளும் இம்மியும் விலகாமல் பொருந்த உதவுகின்றன. நெகிழும் அச்சு தன் வடிவத்தை இழக்காதிருக்க, அதனைப் பாரிஸ் சாந்தாலான புறக்கூடு தாங்கிநிற்கும்.

இங்குச் சிறு கவனக்குறைவும் பெருங்கேடு செய்யும். கந்தகம் கலந்த களிமண்ணில் வடித்த உருவின்மீது பிளாட்டினத்தால் இறுகும் வகைச் சிலிக்கோனை ஊற்றினால், தொடுமிடத்தில் அது இறுகாமல் பிசுபிசுத்து நின்றுவிடும். காற்று வெளியேற வழியில்லாத சிறகு நுனியில் குமிழி தங்கி, வார்ப்பு மூளியாகும். மேலும், ரெசின் இறுகும்போது எழும் வெப்பம் அச்சின் உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். பல படிகளுக்குப்பின் கூர்மை மழுங்கத் தொடங்கும்போது, மூலத்திலிருந்து புதிய அச்சு எடுத்தல் வேண்டும்.

படியின் படி

மூலத்தைவிட்டுப் படியிலிருந்தே அச்செடுத்தால் என்ன நேரும்? வெண்கலம் குளிர்ந்து இறுகும்போது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்கும். 50 சென்டிமீட்டர் உயரமுள்ள மூலப்படிமத்திலிருந்து வார்த்த படிகள் யாவும் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் இருக்கும். அவற்றுள் ஒன்றிலிருந்து அச்செடுத்தால் 48, அதிலிருந்து மீண்டும் எடுத்தால் 47 என உயரம் குறையும். உயரத்தோடு இறகின் வரியும் தசையின் முறுக்கும் மழுங்கும். அச்சு தனக்குத் தரப்பட்டதையே பெருக்குவதால், மழுங்கிய உருவைத் தந்தால் அம்மழுங்கலும் பெருகும். அருங்காட்சியக வல்லுநர்கள் அளவுகோலும் உருப்பெருக்காடியும் கொண்டு இத்தகைய படிகளை இனங்காண்கின்றனர்.

கையைவிட்டுப் போன படிமங்கள்

மூலம் யாரிடம் இருக்கிறது என்பது உரிமை சார்ந்த வினாவும் ஆகும். பாரி தம் சிற்பங்களைத் தாமே வார்த்து விற்க விரும்பி, 1845ஆம் ஆண்டில் எமில் மார்த்தன் என்பவருடன் இணைந்து நிறுவனம் தொடங்கினார், விலைப்பட்டியல்களும் வெளியிட்டார். கலையில் வென்ற அவரைக் கடன் வென்றது. 1848ஆம் ஆண்டில் அவருடைய மூலப்படிமங்கள் மார்த்தன் கைக்குச் சென்றன. 1857ஆம் ஆண்டில் அவற்றை மீட்கும்வரை, பாரியின் படைப்புகளைப் பிறரே வார்த்து விற்றனர். ஒவ்வொரு படியையும் தம் கண்பார்த்துச் செம்மைசெய்து நிறமேற்ற விரும்பிய கலைஞர், தம் பெயர் தாங்கிய வார்ப்புகள் தம் மேற்பார்வையின்றி வெளிச்செல்வதைக் காணவேண்டியதாயிற்று. அதே 1848ஆம் ஆண்டில் அவர் லூவர் அருங்காட்சியகத்தின் அச்செடுக்கும் பணிமனைக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார் என்பது வரலாற்றின் முரண். நாட்டின் அச்சுகளைக் காத்தவருக்குத் தம் படிமங்கள் உரிமையாயில்லை.

1875ஆம் ஆண்டில் பாரி மறைந்தார். அடுத்த ஆண்டு ஏலத்திற்கு வந்த மூலப்படிமங்களுள் பெரும்பாலானவற்றைப் பார்பெதியென் என்னும் வார்ப்பாளர் வாங்கினார். அவர் தம் வார்ப்புகளில் தம் பெயரைப் பொறித்தார். ஆதலால் பாரி வாழ்நாளில் வார்த்தவை எவை, பின்னர் வார்க்கப்பட்டவை எவை என இன்றும் பிரித்தறிய முடிகிறது.

நெறியும் சட்டமும்

இக்காலத்தில் இதற்கென விதிகள் உள்ளன. பிரான்சு நாட்டில் ஒரு வெண்கலச் சிற்பத்தின் 12 வார்ப்புகள் மட்டுமே மூலப்படைப்புகளாக மதிக்கப்படும். அவற்றுள் 8 எண்ணிட்டவை, 4 கலைஞருக்குரியவை. பிற படிகளில் 'மறுபடைப்பு' என்னும் பொருளுடைய சொல்லை அழியாதவாறு பொறித்தல் வேண்டும் என 1981ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தையும் கலைப்படைப்பாக ஏற்கிறது. கலைஞரின் வாழ்நாளிலும் அதன்பின் 60 ஆண்டுகளும், உரியவர் இசைவின்றி அதனைப் படியெடுத்தல் உரிமை மீறலாகும்.

படியெடுத்தல் இழிவான செயலன்று. அரண்மனையில் மட்டும் இருந்திருக்கவேண்டிய அழகை எளியோரும் காணச் செய்தது அதுவே. படி தன்னைப் படியென்று சொல்லும்வரை அது கலைக்குத் தொண்டு செய்கிறது. மூலமென்று வேடமிடும்போது, படைத்தவரையும் வாங்குபவரையும் ஒருங்கே ஏமாற்றுகிறது. சிறிய சிற்பமொன்றைக் கையில் எடுப்போர் முகத்தின் அழகைக் கண்டு வியந்தபின், அதனைத் திருப்பி அடிப்பகுதியையும் பார்த்தல் நன்று. அங்குள்ள பெயரும் எண்ணும் முத்திரையும், அதனை வார்த்தவரின் நேர்மைக்குச் சான்றாக நிற்கும்.