கத்தரிக்கு இரண்டு முழம்

மாரி தொடங்கிவிட்டால் வன்னியிலே வீட்டுக்கு வீடு நாற்றைப் பற்றிய பேச்சுத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளுக்குரிய மழையில் பெரும் பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலே பெய்துவிடுகின்றது. அந்த ஈரத்தை நம்பிக் கையிலுள்ள நாற்று முழுவதையும் ஒரே பாத்தியில் நெருக்கி நட்டுவிடுகின்றோம். நல்ல நாற்றை வீசியெறிய யாருக்குத்தான் மனம் வரும்?

நடும்போது ஒரு சாண் உயரமுள்ள கத்தரி, இரண்டு மாதத்திற் குடைபோல் விரிந்துவிடும். அந்தக் குடைக்கு இடம் வேண்டாமா? அளவுகோல் தேடவேண்டியதில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். ஏறக்குறைய ஒன்றரை அடி. கத்தரிக்கும் வெண்டிக்கும் வரிசைக்கு வரிசை இரண்டு முழமும், செடிக்குச் செடி இரண்டடியும் விடுக. மிளகாய்க்கு வரிசையிடை இரண்டடி, செடியிடை ஒரு முழம் போதும். 12 அடி நீளமும் 6 அடி அகலமுமுள்ள பாத்தியில் இக்கணக்கின்படி 12 கத்தரி, அல்லது 24 மிளகாய் நிற்கும்.

“பன்னிரண்டு தானா?” என்று இல்லத்தரசியார் முகஞ்சுளிக்கலாம். அதே பாத்தியில் நாற்பதை நட்டால் நிகழ்வதென்ன? அடைமழையிலே இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரம் உலராமற் கிடக்கும். பங்கசு நோய் ஒரு செடியிற் கண்டால் மறு செடிக்கு எளிதிற் பரவும். மழை ஓய்ந்தபின் வேறொரு தொல்லை. இரணைமடு போன்ற குளங்களின் நீர் பெரும்பாலும் வயலுக்கே; வீட்டுத்தோட்டத்துக்குக் கிணறுதான் துணை. சோளகம் வீசுங் காலத்திற் கிணறு வற்றத் தொடங்க, நாற்பது செடியின் வேர்களும் அந்த ஒரு வாளித் தண்ணீருக்குப் போட்டியிடும். 2009 இல் போர் முடிந்தபின் மீளக் குடியமர்ந்து, வளவிலே விளைவதைக் கொண்டு அன்றாடக் கறிச்செலவைச் சமாளிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

இடைவெளி வீணாகின்றதே என்ற கவலையும் வேண்டாம். கத்தரி விரியுமுன் அவ்விடத்திற் கீரை விதைத்தால் மூன்று நான்கு வாரத்திற் பிடுங்கிவிடலாம். பின்னர் வைக்கோல் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும்.

வெண்டியைக் குழிக்கு இரண்டு மூன்று விதையாக ஊன்றி, வலுவான கன்றை மட்டும் விடுக. மற்றவற்றைப் பிடுங்காமல் அடியோடு கத்தரித்தால் நிற்குங் கன்றின் வேர் அசையாது. கீரையும் நெருங்கி முளைத்தால் இடையிடையே களைக; அந்த இளங்கன்றுகள் அன்றைய மத்தியானச் சோற்றுக்கு நல்ல வறையாகும்.