ஓமின் விதி எங்கே பொருந்தும்?

மின்னியல் கணக்கு என்றதும் மாணவிகள் முதலில் எழுதுவது "அழுத்த வித்தியாசம் = மின்னோட்டம் × தடை" என்பதைத்தான். அதை எந்தக் கருவிக்கும் எழுதலாம். ஏனெனில் அது தடைக்கான வரைவிலக்கணம். ஓமின் விதி அதற்கு மேலும் ஒன்றைச் சொல்கிறது: வெப்பநிலை முதலிய பௌதிக நிலைமைகள் மாறாதிருந்தால், கடத்தியினூடாகப் பாயும் மின்னோட்டம் அழுத்த வித்தியாசத்துக்கு நேர்விகிதசமனாகும். அதாவது, அழுத்தத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தடை மாறாது.

ஜேர்மனிய ஆசிரியரான ஓம், 1827இல் இதனை நூலாக வெளியிட்டார். அக்கால மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நில்லாததால், ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்பவிணையைக் கொண்டே அவர் அளந்தார். நிலைமைகளை மாறாமற் பேணியதாலேயே விதி புலப்பட்டது.

நான் வளர்ந்த கொடிகாமத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டோம். 1990இல் போரினால் யாழ். குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனபின், பல ஆண்டுகள் சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். அந்த டைனமோ விளக்கையே எடுப்போம். 6 வோல்ற்று, 2.4 உவாற்றுக் குமிழ் என்றால், முழு ஒளியில் மின்னோட்டம் 0.4 அம்பியர், தடை 15 ஓம். மிதி தளர்ந்து அழுத்தம் 3 வோல்ற்றுக்கு இறங்கினால் மின்னோட்டம் 0.2 அம்பியராகுமா? ஆகாது, அதைவிடக் கூடுதலாகவே பாயும். தங்குதன் இழையின் வெப்பநிலை குறைய, அதன் தடையும் குறைந்துவிடுகிறது. நிபந்தனை மீறப்பட்டதால் விதி பொருந்தவில்லை.

இன்று சூரியப் படலால் ஏற்றிய 12 வோல்ற்று பற்றரியில் எல்.இ.டி. எரிப்போர் பலர். வெள்ளை எல்.இ.டி.யில் ஏறத்தாழ 3 வோல்ற்றுக்குக் கீழே மின்னோட்டம் மிகச் சிறிது. அதைச் சற்றுத் தாண்டினாலோ திடீரென உயரும். நேரே பற்றரியில் இணைத்தால் கருகிவிடும். எனவே தொடராக ஒரு தடையி வேண்டும். மீதி 9 வோல்ற்றும் தடையிக்கே. 0.02 அம்பியர் போதுமெனில், 9 ஐ 0.02 ஆல் வகுக்க 450 ஓம். இங்கே ஓமின் விதிக்கு அடங்குவது தடையி மட்டுமே, எல்.இ.டி. அன்று.

ஆகவே மாணவிகளே, எண்களைப் பிரதியிடுமுன் அந்தக் கருவியின் மின்னோட்ட–அழுத்த வரைபை நினையுங்கள். அது உற்பத்தியினூடான நேர்கோடாயின், ஒரு புள்ளியிற் கண்ட தடையை மற்றப் புள்ளிகளுக்கும் பயன்படுத்தலாம். வளைகோடாயின், அத்தடை அந்த ஒரு புள்ளிக்கு மட்டுமே உரியது.