விபத்தின் பின் வாகனமும் காப்புறுதியும்

மோட்டார் வண்டி விபத்துக்குள்ளானதும் அதனை உடனே கராஜில் ஒப்படைத்துத் திருத்துவிக்க வேண்டும் என்பதே பலரின் முதல் எண்ணமாகும். ஆனால் அந்த அவசரமே நட்டஈட்டுக்குத் தடையாகிவிடக் கூடும்.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாந் தரப்பினர் காப்புறுதியையே. வீதியிற் சென்ற ஒருவர் காயமுற்றாலோ மரணமுற்றாலோ, வண்டிக்காரரிடம் பணமில்லை என்பதனால் அவர் குடும்பம் கைவிடப்படலாகாது என்பதே அதன் நோக்கம். சொந்த வண்டியின் சேதத்துக்கு அதில் இடமில்லை. அதற்கு முழுக் காப்புறுதி வேண்டும்.

முழுக் காப்புறுதியும் இழந்ததை ஈடுசெய்யுமேயன்றி இலாபம் தராது. ஆகவே, இழந்தது எது என்பதற்குச் சான்று அவசியம். காயமுற்றோருக்கு உதவியபின் பொலிஸாருக்கும் கம்பனிக்கும் அறிவித்தல் வேண்டும். மதிப்பீட்டாளர் பார்வையிடும்வரை சேதமுற்ற பாகங்களைக் கழற்றலாகாது. வளைந்த தகட்டை நிமிர்த்தியபின், அது எந்த மோதலில் வளைந்தது என நிறுவுதல் கடினம்.

திருத்தும்போது முன்பு தெரியாத முறிவொன்று வெளிப்படுவதுண்டு. அப்பொழுது வேலையை நிறுத்தி, மதிப்பீட்டாளரின் இணக்கத்தை மீண்டும் பெறுதல் வேண்டும். பழைய உதிரிப்பாகத்துக்குப் பதிலாகப் புதியது பூட்டப்பட்டால் தேய்மானம் கழிக்கப்படலாம். பத்திரத்திற் குறித்த ஒரு தொகையை உரிமையாளரே ஏற்கவும் நேரலாம்.

கம்பனியின் சம்மதமின்றி வீதியோரத்திலேயே பணம் பேசிப் பிணக்கைத் தீர்ப்பதும் தகாது. நட்டஈடு கொடுத்த கம்பனிக்கு, தவறிழைத்தவரிடம் அத்தொகையை அறவிடும் உரிமை உண்டு. அவ்வுரிமையை உரிமையாளர் முன்னரே விட்டுக்கொடுத்தால், அவருடைய கோரிக்கையே மறுக்கப்படக் கூடும்.

காப்புறுதிப் பத்திரத்தை விபத்து நேருமுன்னரே ஒருமுறை வாசித்து வைத்தல் நன்று. நேர்ந்தபின் அதில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது.