ஏரியின் பகை ஆகாயத்தாமரை

ஏரிகள் நிறைந்தது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். ஐயங்கார்குளம் என்னும் ஊர்ப்பெயரிலேயே குளம் இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஏரியைக் காக்க ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. அந்த ஆறு பேரும் அறியாத பகை ஒன்று இன்று நம் நாட்டு நீர்நிலைகளைப் பிடித்திருக்கிறது. அதுவே ஆகாயத்தாமரை. தண்டு வெங்காயம்போல் பருத்திருப்பதால் வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள்.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. ஊதா நிறப் பூவின் அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு போனார்கள். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்தது. அங்கே ஆறுகளையும் வயல்களையும் மூடிவிட்டதால், இதை ஒழிக்கவென்றே 1936 இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். சாக்கடையும் உரமும் கலந்த நீரில் இச்செடி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். விதையோ சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும்.

மீன்களுக்கு என்ன கேடு?

மீனும் மூச்சுவிட வேண்டுமே! நீரில் கரைந்துள்ள பிராணவாயுவே அதற்கு மூச்சு. ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல் மூடினால் வெயில் உள்ளே போகாது. பாசி பிராணவாயு தராது. காற்று பட்டு நீர் அலையவும் வழியில்லை. இச்செடியின் இலை விடும் பிராணவாயு வெளிக்காற்றில்தான் கலக்கிறது. ஆகையால் விடியற்காலையில் கட்லா, ரோகு மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். வெளிக்காற்றையும் சுவாசிக்கும் விரால் மட்டும் ஓரளவு தாங்கும்.

ஒழிப்பது எப்படி?

மருந்து தெளித்தால் செடி சாகும். ஆனால் செத்த செடி நீரிலேயே அழுகும்போது, மிச்சமிருக்கும் பிராணவாயுவும் போய்விடும். செடியோடு மீனும் சாகும். புல்கெண்டை மீனை விடலாமே என்றால், அது நீருக்குள் வளரும் மெல்லிய செடிகளையே விரும்பித் தின்னும். 1980களில் இச்செடியை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை அமெரிக்காவிலிருந்து தருவித்துப் பெங்களூர் ஏரிகளில் விட்டார்கள். நல்ல பலன் கிடைத்தது. ஆயினும் கோடையில் வற்றும் நம் ஏரிகளில் வண்டு நிலைப்பது கடினம்.

எனவே கையால் வாரிக் கரையேற்றுவதே நமக்கு ஏற்ற வழி. கோடையில் நீர் குறைந்திருக்கும்போது, பூப்பதற்கு முன்பே வாரவேண்டும். கரையோரம் குவித்தால் மழையில் மறுபடி ஏரிக்கே வந்துவிடும். தொலைவில் குழியில் சாணத்தோடு இட்டால் எருவாகும். சாக்கடையை ஏரியில் விடாமல் தடுப்பது எல்லாவற்றிலும் முக்கியம். இல்லையேல் வாரிய இடத்தில் மீண்டும் முளைக்கும்.

தோழியரே, பூ அழகாயிருக்கிறதே என்று இச்செடியைக் கொண்டுபோய் வேறு குளத்தில் விடாதிருப்போம். ஒரு குளத்தைக் கெடுக்க ஒரு செடி போதும்.