குக்கருக்குப் பதம் தெரியாது!

அம்மாவுக்கு வலது கையில் மாவுக்கட்டு. கிணற்றடியில் வழுக்கிவிட்டது. ஊரில் தனியாக விட மனசில்லாமல் நங்கநல்லூருக்கே கூட்டி வந்துவிட்டேன். கல்யாணமாகாத எனக்குத் தெரிந்த ஒரே சமையல்... வெந்நீர்!

மறுநாளே ரைஸ் குக்கர் வாங்கக் கிளம்பினேன். கடைக்காரர் 1.8 லிட்டரை என் தலையில் கட்டப் பார்த்தார்.

"ரெண்டு பேர்தான் சார்."

"விருந்தாளி வந்தா?"

என் சமையலை நம்பி எவன் வருவான்? 1 லிட்டர் குக்கரே சுமார் அரைக் கிலோ அரிசி தாங்கும். எங்களுக்கு அதுவே ஜாஸ்தி.

முதல் நாள். அரிசியைக் களைந்து, பாத்திரத்தை ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வைத்து சுவிட்சைத் தட்டினேன். கொஞ்ச நேரத்திலேயே 'டக்!' ஆஹா, என்ன வேகம் என்று திறந்தால்... நறுக் நறுக்கென்று அரிசி! பாத்திரத்தின் அடியில் ரெண்டு அரிசி ஒட்டியிருந்ததில், அது ஹீட்டர் தட்டில் சரியாக உட்காரவே இல்லை.

அம்மா இடது கையில் ஸ்பூனைப் பிடித்து அத்தனையையும் சாப்பிட்டாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். பச்சைப் பொய். எனக்குத் தொண்டையை அடைத்தது.

ராத்திரி குக்கரைக் குடைந்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். விஷயம் சுலபம்தான். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் விறுவிறுவென ஏறும். உடனே அடியில் இருக்கும் காந்தம் பிடியை விட்டுவிடும். அதுதான் அந்த 'டக்'! ஆக, சோறு வெந்ததா என்று குக்கருக்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்றுதான் தெரியும். தண்ணீர் அளவு நம் பொறுப்பு.

1955 டிசம்பரில் ஜப்பானின் தோஷிபா கம்பெனி ஆட்டோமேடிக் ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மினாமி யோஷிடாடாவுக்காக, வீட்டில் விதவிதமாகச் சோறு வடித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. மெஷினுக்கும் வாத்தியார் ஒரு அம்மாதான்!

என் வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடம் எடுத்தாள். "பச்சரிசி ஒரு டம்ளருக்கு ரெண்டு தண்ணி. புழுங்கல்னா மூணு, அரை மணி ஊறணும். பழைய அரிசி இன்னும் கொஞ்சம் குடிக்கும்டா."

நான் சேர்த்துக்கொண்டவை: பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே உள்ளே வைக்கணும். 'டக்' சத்தம் கேட்டதும் பாய்ந்து திறக்காமல் 10 நிமிஷம் விடணும். பொறுமையில்லாமல் சுவிட்சை மறுபடி அமுக்கினால் அடி தீய்ந்துவிடும். கிளற மரக்கரண்டி, தேய்க்கக் கம்பி நார் கூடவே கூடாது.

நாலாம் நாள். 'டக்!' பத்து நிமிஷம் கழித்துத் திறந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, ஒரு பருக்கையை எடுத்து இடது கை விரலால் நசுக்கினாள்.

"ம்... பதம்! இன்னிக்கு நிஜமாவே நல்லாருக்குடா."

அப்போ அன்னிக்கு?

கேட்கவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.